அடுத்த வீட்டு இங்கிலீஷ்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதைக் கட்டிய கொத்தனாரை நான் மனத்துக்குள் திட்டாத நாள் கிடையாது. செங்கல்லில் மிச்சம் பிடித்திருந்தான். அந்தப் பக்கம் அப்பளம் நொறுங்கினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சுவர் வழியாகத்தான் என் மனைவி இங்கிலீஷ் கற்றுக்கொண்டாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். நான் திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீதியில் யார் மனு எழுதினாலும், எழுதிய கையோடு என்னிடம் கொண்டு வந்து காட்டுவார்கள். ‘இன்ஸ்ட்’ என்று போட்டால் இந்த மாதம், ‘அல்ட்’ என்று போட்டால் போன மாதம், இரண்டையும் மாற்றிப் போட்டால் கலெக்டர் ஆபீஸில் சிரிப்பார்கள் என்று நான் சொன்ன பிறகுதான் அது தபாலுக்குப் போகும். பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ போட்டவன் பின்னால் ‘எஸ்கொயர்’ போடக் கூடாது. அது ஒரே தலையில் இரண்டு தலைப்பாகை கட்டுவது. இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவன் நான். நான்கு வீடு தள்ளி இருந்த ஓய்வு பெற்ற தாசில்தார் சாயங்காலம் தவறாமல் என் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு சந்தேகமாவது கேட்டுவிட்டுப் போவார். அவர் மட்டுமல்ல, பலர் வருவார்கள். அடுத்த வீட்டுக்கு ஒருவன் குடிவரும் வரை அப்படித்தான் இருந்தது.

முதலில் என் மனைவிக்கு இங்கிலீஷ் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா கும்பகோணத்தில் காலமானபோது தந்தி வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தந்திச் சேவகன் காகிதத்தைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். இவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியில் ஓடியிருக்கிறாள். பகல் வேளை, இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எல்லாம் ஆபீஸ் போயிருந்தார்கள். கடைசியில் வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் பெருமாளைச் சேவிக்க வந்த வெளியூர்க்காரன் ஒருவன் வாங்கிப் படித்தான். முதலில் இங்கிலீஷில் உரக்கப் படித்திருக்கிறான். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேருக்கு அது புரிந்து, அவர்கள் முகம் மாறி, பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி, அதற்கப்புறம்தான் அவன் தமிழில் சொன்னானாம்.

“என் அப்பா போனது ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது,” என்றாள். அழுகையெல்லாம் ஓய்ந்து பல நாள் ஆன பிறகு, ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு, “ஏன்னா, எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தாங்கோ. தந்தி படிக்கற அளவுக்குப் போறும்,” என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். ஊரான் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறவன் பெண்டாட்டிக்குச் சொல்லித் தரமாட்டேனா? முறையாக ஆரம்பித்தேன். எழுத்து, உச்சரிப்பு, பெயர்ச்சொல், பிறகு ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ எங்கே வரும் எங்கே வராது என்பது. அஸ்திவாரம் இல்லாமல் கோபுரம் எழும்பாது என்பது என் கொள்கை. இந்த மூன்று குட்டிச் சொற்களிலேயே மாதங்கள் போயின. அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே கேட்பாள். தப்பாகச் சொன்னால் நான் பல்லைக் கடிப்பேன். பல்லைக் கடிப்பது எனக்கு வகுப்பில் வந்த பழக்கம், அதில் விரோதம் எதுவும் இல்லை.

ஒரு நாள் கேட்டாள்: “இந்த ‘தி’ தந்தியில வருமா?”

“வராது,” என்றேன். “தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. யாரும் அதையெல்லாம் போட மாட்டார்கள்.”

“அப்ப ஏன் இத்தனை நாளா அதையே படிக்கறோம்?”

நான் பல்லைக் கடித்தேன். அவள் புஸ்தகத்தை மூடி மாடத்தில் வைத்துவிட்டு, “எனக்கு இதெல்லாம் வராது, விடுங்கோ,” என்று அடுக்களைக்குப் போனாள். அதற்கப்புறம் புஸ்தகத்தின்மேல் விளக்குத் திரிப் பெட்டி ஏறியது. எங்கள் ஒரே பெண் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி நாக்பூர் போன பிறகும் அந்தப் பெட்டி இறங்கவில்லை.

அடுத்த வீட்டுக்காரன் வந்தது யுத்தம் ஆரம்பித்த சமயம். சொந்த ஊர் மண்ணச்சநல்லூர். அங்கே ஒரு அரிசி மில்லில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு எப்படியோ ரயில்வேயில் குமாஸ்தாவாகிப் பொன்மலைக்கு வேலைக்குப் போய் வந்தான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. நல்ல உயரம், நல்ல குரல், எப்போதும் வெற்றிலைச் சிரிப்பு. சாயங்காலம் காவேரியில் குளித்துவிட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஆபீஸில் ஆங்கிலோ இந்தியர்கள் நடுவில் இருக்கிறானே, யாரோ ஏதோ இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி அவனிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அவன் செய்தது இதுதான். வார்த்தையை எடுத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பிய்ப்பான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சொல்லுக்கு அடையாளம் என்பான். ‘நியூஸ்’ என்ற சொல்லில் நாலு எழுத்து இருக்கிறதா? என் என்றால் நார்த், ஈ என்றால் ஈஸ்ட், டபிள்யூ வெஸ்ட், எஸ் ஸவுத். நாலு திக்கிலிருந்தும் வருவதால் அது நியூஸ். கேட்டவர்கள் தொடையில் தட்டிக்கொண்டார்கள். சொன்னவன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டான்.

வேறு ஊராக இருந்தால் இது எடுபட்டிருக்காது. எங்கள் ஊர் எப்படிப்பட்டது? ஓம் என்ற ஒரே ஒரு அட்சரத்தை அகாரம், உகாரம், மகாரம் என்று பிரித்து, ஒவ்வொன்றும் யாரைச் சொல்கிறது, எதற்காகச் சொல்கிறது என்று நாள் கணக்கில் வியாக்கியானம் கேட்டு வளர்ந்த ஊர். எழுத்து என்று ஒன்று இருந்தால் அதற்குள் அர்த்தம் ஒளிந்திருக்கும், பெரியவர்கள் பிரித்துக் காட்ட வேண்டும், இது இங்கே குழந்தைக்கும் தெரியும். அதே கண்ணால் வெள்ளைக்காரன் பாஷையையும் பார்த்தார்கள். அவனும் காலட்சேபம் மாதிரியே, “இனி அடுத்த எழுத்தை அநுபவிப்போம்,” என்பான். தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்.

தாசில்தார் அங்கே போய்விட்டார் என்பதை இதற்குள் நீங்களே ஊகித்திருப்பீர்கள். முதலில் என் வாசலுக்கு வந்து ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு அங்கே போனார். அப்புறம் அங்கே போகும் வழியில் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் கும்பிடும் நின்றது.

ஒரு தடவை அவரே என்னிடம் கேட்டிருந்தார்: மழை கொட்டினால் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்று இங்கிலீஷில் சொல்கிறார்களே, அது எப்படி வந்தது? நான் யோக்கியன். “தெரியாது. படித்தவர்களே நிச்சயமாகச் சொல்லவில்லை,” என்றேன். அவர் அதை அடுத்த வாசலில் போய்க் கேட்டார். அங்கே ஒரு ராஜா வந்தான், மேட்டில் அவனுடைய வேட்டை நாய்க் கொட்டில் வந்தது, அதற்குப் பக்கத்தில் ராணியின் பூனைக் கூண்டு வந்தது, ஒரு பெருமழையில் இரண்டும் உடைந்து லண்டன் தெருவில் நாயும் பூனையுமாக அடித்துக்கொண்டு வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்கிறவனை இந்த உலகத்தில் யார் மதிக்கிறார்கள்?

கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது என்பார்கள். அவன் விற்றான். விற்றதோடு கொல்லன் வீட்டிலேயே ஒன்றை விற்றுவிட்டான். அது எனக்குத் தெரிய வந்தது ஒரு நாள் சாப்பாட்டின்போது.

சாத்தமுதுச் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். என் மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “நியூஸ்னா என்ன தெரியுமோ? நாலு திக்கு,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

“யார் சொன்னா?”

“அடுத்தாத்துக்காரர் வாசல்ல சொல்லிண்டிருந்தார். காதுல விழுந்தது.” பிறகு, தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் தொட்டு விரலால் என், ஈ, டபிள்யூ, எஸ் என்று நாலு எழுத்தையும் எழுதிக் காட்டினாள். என்னிடம் படித்தபோது டபிள்யூவை எம் என்று மாற்றிப் போட்டவள். இப்போது சரியாகப் போட்டாள்.

பிசைந்த சாதத்தை இலை ஓரத்துக்கு ஒதுக்கினேன். பொறாமைதான், வேறு பெயர் வைத்து மெழுக மாட்டேன். தாசில்தார் போனால் போகட்டும், அவர் பென்ஷன் மனுவை இனி யாரோ திருத்தட்டும். இவள் என் வீட்டில், என் இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் தர முடியாத ஒன்றை இன்னொருவன் தந்ததாகச் சந்தோஷமாகச் சொல்கிறாளே! அவன் அவள் முகத்தைக்கூட நேராகப் பார்த்ததில்லை, அவளும் அவனோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. அது எனக்குத் தெரியும். அது தெரிந்ததால் எரிச்சல் ஒரு துளியும் குறையவில்லை. வேறு விதமாக இருந்தால் சண்டை போடலாம். இதற்கு என்னவென்று சண்டை போடுவது?

“அது தப்பு,” என்றேன். “புதுசு என்ற சொல்லிலிருந்து வந்தது நியூஸ். புதிய சங்கதிகள், அவ்வளவுதான். திக்கும் இல்லை, திசையும் இல்லை.”

“அப்படியா?” என்றாள். சிரிப்பு போய்விட்டது. மோர் விட்டாள்.

அதற்கப்புறம் அவனை ஒரு முறையாவது சபையில் மடக்க வேண்டும் என்று காத்திருந்தேன். கடலில் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்த காலம். தினமும் பத்திரிகையில் அந்தச் செய்திதான். ஒரு சாயங்காலம் அவன் வாசலில் ‘எஸ்.ஓ.எஸ்.’ வந்தது. ஸேவ் அவர் ஸோல்ஸ், எங்கள் ஆத்மாக்களைக் காப்பாற்றுங்கள் என்று மாலுமி கதறுகிறான், இதுவே சரணாகதி என்றான். தாசில்தாருக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. நான் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

“வாங்கோ ஸார், வாங்கோ!” என்று அவன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

“எஸ்.ஓ.எஸ். எதற்கும் சுருக்கெழுத்து இல்லை,” என்றேன். “மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. அடிக்கிறவனுக்குச் சுலபம், கேட்கிறவனுக்குக் குழப்பம் வராது. அதனால் அந்தச் சப்தத்தை வைத்துக்கொண்டார்கள். அந்த எழுத்துக்களுக்கு அர்த்தமே கிடையாது.”

தாசில்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எழுத்து இருக்கு, அர்த்தம் இல்லைன்னா எப்படி ஸ்வாமி? ரங்கநாதன் சந்நிதியிலே நின்னுண்டு இப்படிப் பேசலாமோ?”

“இது இங்கிலீஷ் எழுத்து.”

“எந்த எழுத்தானா என்ன? உள்ளே ஒண்ணும் இல்லாம ஒருத்தன் சாகற சமயத்துல அதைச் சொல்லுவானோ?”

எல்லோரும் அதை ஆமோதித்தார்கள். அடுத்த வீட்டுக்காரன்தான் எனக்குப் பரிந்து பேசினான். “ஸார் பெரிய படிப்புப் படிச்சவர், அவர் சொல்றது புஸ்தகத்துல இருக்கும். நான் ஆபீஸ்ல காதுல விழுந்ததைச் சொல்றேன்,” என்றான். அவன் எதிர்த்திருந்தால் எனக்கு ஜெயமாகியிருக்கும். விட்டுக்கொடுத்து என்னைத் தோற்கடித்தான். நான் வீட்டுக்குள் வந்தபோது என் மனைவி கூடத்தில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். விளக்கேற்றப் போனாள்.

அந்த வருஷம் என் பெண் உண்டாகியிருந்தாள். இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை எங்கள் வீட்டில்தான் பிறந்தது, பிறந்த மறுநாளே போய்விட்டது. பெண் பிழைத்ததே பெருமாள் புண்ணியம். அதனால் இந்தத் தடவை நாக்பூர் டாக்டர் ரயில் பயணம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரயிலிலும் பட்டாளத்துக்காரர்கள்தான் நிறைந்திருந்தார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. எனக்கோ பரீட்சைச் சமயம், லீவு கிடையாது. ‘அம்மா துணைக்கு இருக்கிறாள், நீங்கள் அலைய வேண்டாம், தந்தி அடிக்கிறேன்’ என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார்.

தந்தி என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி முகத்தில் வந்ததை நான் கவனித்தேன். அந்தக் காகிதம் பகலில்தான் வரும். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். மறுபடியும் அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியில் ஓட வேண்டும், மறுபடியும் யாரோ ஒருவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், சுற்றி நிற்பவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். “தந்தியில் வருகிற வார்த்தைகளை மட்டும் சொல்லித் தருகிறேன், வா,” என்று கூப்பிட்டேன். என் கொள்கையையே விட்டுக் கூப்பிட்டேன்.

“நீங்க ஸ்கூல்லேருந்து களைச்சு வரேள். வேண்டாம்,” என்றாள்.

மாடத்துத் திரிப் பெட்டி அங்கேயே இருந்தது. ஆனால் சாயங்காலமானால் அவள் சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கீரை இல்லாத நாளில் அரிசியில் கல் பொறுக்கினாள். அத்தனை கல் எங்கள் வீட்டு அரிசியில் இருந்ததே இல்லை.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம் நான் கொல்லையிலிருந்து உள்ளே வந்தேன். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒரு கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது. ‘சேஃப்’ என்ற வார்த்தை. அந்தக் காலத்தில் கப்பல் கடலில் போனால் மாதக் கணக்கில் சங்கதி தெரியாதாம். கரையில் பெண்டு பிள்ளைகள் காத்திருப்பார்களாம். துறைமுகத்துக்கு வந்ததும் காப்டன் முதல் காரியமாக நாலு எழுத்தைப் பலகையில் எழுதித் தூக்கிக் காட்டுவானாம். எஸ், ஏ, எஃப், ஈ. ஷிப் அரைவ்ட், ஃபியர் எண்டட்.

“கப்பல் வந்தது, பயம் தீர்ந்தது,” என்று தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

என் மனைவி சுவரில் பதித்திருந்த கையை எடுத்து, விரல் விட்டு எண்ணினாள். உதடு அசைந்தது. நாலு விரலையும் மடக்கி முடித்த பிறகு கண்ணைத் திறந்தாள். நான் நின்றதைப் பார்க்கவில்லை. என்னிடம் பாடம் கேட்டபோது முந்தானையைத் திருகின விரல்கள்! நான் மறுபடியும் கொல்லைக்கே போய், தண்ணீர் நிரம்பியிருந்த தொட்டியில் இன்னும் இரண்டு வாளி இறைத்துக் கொட்டினேன்.

இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று தீர்மானித்தேன். திருச்சியில் காலேஜில் வேலை பார்த்த என் பழைய சிநேகிதர் ஒருவரிடம், சொற்களின் மூலத்தைச் சொல்லும் பெரிய அகராதி ஒன்று இருந்தது. தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு கனம். வெளியே யாருக்கும் தருவதில்லை. நான் கெஞ்சி, இரண்டு நாள் தவணையில் வாங்கினேன். எந்தப் பக்கங்களைக் காட்டுவது என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துக் காகிதத் துண்டு சொருகிக்கொண்டேன். நியூஸுக்கு ஒன்று. சேஃபுக்கு ஒன்று. தாசில்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படிக்க வேண்டும், அந்த வெற்றிலை வாய் ஒரு தரமாவது திறக்காமல் இருக்க வேண்டும். என் மனைவி சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அன்றைக்கு ஓடியது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓடும். காவேரிப் பாலத்தில் ஏறும்போது மூச்சடைத்து நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னான். நான் அகராதியை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்றொரு கையால் தள்ளினேன். “அந்த மூட்டையை உள்ளே வச்சுட்டுத் தள்ளுங்க சார், யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க,” என்றான். நான் வைக்கவில்லை. சட்டையெல்லாம் கரியாகி, வியர்த்து வழிந்து வீடு வந்து சேர்ந்தேன்.

வாசல் கதவு சாத்தியிருந்தது. எங்கள் வீட்டில் பகலில் கதவு சாத்துவது வழக்கமில்லை. தட்டினேன். அவள் திறந்தாள். கையில் தந்தி.

“உட்காருங்கோ, நான் படிக்கறேன்,” என்றாள்.

நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு வார்த்தைக்கும் விரலை வைத்துப் படித்தாள்: “சன். பார்ன். போத். சேஃப்.”

பிறகு சொன்னாள். மத்தியானம் சேவகன் வந்தபோது தாசில்தார் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தாராம். “கொண்டாம்மா, நான் படிச்சுச் சொல்றேன்,” என்று கையை நீட்டிக்கொண்டே வந்தாராம். இவள், “வேண்டாம் மாமா, நானே படிச்சுக்கறேன்,” என்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாளாம். முதலில் ஈ, எக்ஸ் என்று ஆரம்பிக்கிற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தாளாம். அவள் அப்பா தந்தியில் இருந்த ‘எக்ஸ்பயர்ட்’, காலமானார் என்ற வார்த்தை. அதன் அர்த்தத்தை நான் சொல்லித் தரவில்லை, அதன் உருவம் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

“அது இல்லை. அப்புறந்தான் மூச்சு வந்தது. சன் நீங்க சொல்லிக் குடுத்தது, ஞாபகம் இருந்தது. நடுவுல ரெண்டு சரியாப் புரியலை. கடைசியா இருந்ததே,” என்று நாலு விரலையும் காட்டினாள், “கப்பல் வந்துடுத்து, பயம் போயிடுத்து. பெருமாளேன்னு அங்கேயே உட்கார்ந்துட்டேன்.”

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என் கக்கத்தில் அகராதி இருந்தது. பேரன் பிறந்திருக்கிறான், பெண் பிழைத்திருக்கிறாள், எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“கப்பலும் இல்லை, காப்டனும் இல்லை. அவன் சொன்னது அத்தனையும் பொய். இதோ, புஸ்தகமே கொண்டு வந்திருக்கிறேன். லத்தீனிலிருந்து வந்த சொல். ஊறு எதுவும் படாமல், முழுசாக இருப்பது என்று அர்த்தம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை.

“பொய்யா இருக்கட்டுமே. தந்தி பொய்யில்லையே,” என்றாள். பிறகு ஏதோ யோசித்து, எனக்கு ஆறுதலாகச் சொல்வது போல, “முழுசான்னு சொல்றேளே, அதுவும் நன்னாத்தான் இருக்கு,” என்றாள்.

அந்த ‘அதுவும்’ என்ற சொல்லை நான் இன்று வரை மன்னிக்கவில்லை.

வீட்டில் இருந்த கொஞ்சம் கல்கண்டைத் தட்டில் போட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். அங்கே வழக்கமான கூட்டம். பேரன் பிறந்திருக்கிறான் என்றேன். அவன் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அதற்குள் தாசில்தார், “இன்னிக்கு ஒரு அதிசயம் பார்த்தேன். இவர் ஆத்துல மாமி தந்தியைத் தானே படிச்சுக்கறேன்னுட்டா!” என்றார்.

அடுத்த வீட்டுக்காரன் கண்கள் விரிந்தன. “பின்னே? யார் ஆத்து மாமி? இங்கிலீஷ் வாத்தியார் ஆத்து மாமி! ஸார் சொல்லிக் குடுத்தா கட்டுத்தறியும் தந்தி படிக்கும்,” என்றான். சுத்தமான மனத்தோடு சொன்னான். சுவருக்கு எங்கள் வீட்டுப் பக்கம் இத்தனை நாளாக யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தாசில்தார் எனக்குக் கும்பிடு போட்டார். நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்த நிமிஷத்தில் என் கைக்கு வந்தது, கொடுத்தவன் அவனாக இருந்தான். தட்டை நீட்டினேன். அவன் ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அகராதியைத் தவணைக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாரிடமும் பிரித்துக் காட்டவில்லை. அடுத்த வருஷம் அவனுக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாயிற்று. வண்டியில் சாமான் ஏறியபோது தாசில்தார் தேம்பினார். அந்த வீட்டுக்கு ஒரு ஊமையாவது குடிவரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரு பாட்டு வாத்தியார் வந்தார்.

என் பெண் கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது என் மனைவி வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். ஆரத்தி சுற்றுவதற்கு முன்னால் குழந்தையின் முகத்தோடு முகம் வைத்து, “வந்துடுத்தா என் கப்பல்?” என்றாள். அவ்வளவுதான், அதுவே நிலைத்துவிட்டது. பெயர் வைத்தபோது என் அப்பா பெயரைத்தான் வைத்தோம். இப்போது எங்களோடு தங்கித்தான் படிக்கிறான், பள்ளிக்கூடத்தில் அதுதான் இருக்கிறது. வீட்டில் அவன் கப்பல். ‘கப்பல் சாப்பிட்டானா’, ‘கப்பலுக்கு ஜுரம்’, ‘கப்பல் எங்கே போனான்’ என்று நாளெல்லாம் காதில் விழும். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தச் சுவரும் வெற்றிலைக் குரலும் ஞாபகத்துக்கு வரும்.

நான் மட்டும் வைத்த பெயரைச் சொல்லியே கூப்பிடுவது என்று கொஞ்ச நாள் பிடிவாதமாக இருந்து பார்த்தேன். பயல் விளையாட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. இப்போது நானும் கப்பல் என்றுதான் கூப்பிடுகிறேன். அப்படிக் கூப்பிட்டால்தான் என்னிடம் ஓடி வருகிறான்.